பன்னிரண்டு நாள் பயிற்சியும் இரவு இரண்டு மணிப் பிரசவ வார்டும்

மிஷன் டாக்டர்களுக்கென்று நடக்கும் பன்னிரண்டு நாள் மறுபயிற்சிக்குப் போன செப்டம்பரில் போய் வந்தேன். போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று மலாவியிலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும், ஊரில் கிளம்பத் தயாராக இருக்கிற வேலூர் ஜூனியர்களிடமிருந்தும் வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. தனித்தனியாகப் பதில் போட நேரமில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. பெரும்பாலானவர்கள் தங்கள் விடுமுறையைச் செலவழித்து, சொந்தக் காசில் டிக்கெட் போட்டு வந்து கற்றுக்கொடுக்கிறார்கள், அவர்களை ஊரறியக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. போகிற வட்டத்தில் இருப்பவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எடைபோட அது முக்கியம். நாசரேத்தில் பிறந்து வேலூரில் படித்தவள் நான். இங்கே, தென்னாப்பிரிக்காவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் ஆஸ்பத்திரி ஹ்லுஹ்லுவே தாண்டி வடக்கே, மொசாம்பிக் எல்லைப் பக்கம், டர்பனிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். ஊர்க்காரர்கள் இன்னும் மிஷன் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் இந்தப் பக்கத்து மற்ற மிஷன் ஆஸ்பத்திரிகளைப் போல இதையும் எழுபதுகளிலேயே அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. சபை அனுப்பி வந்தவர்களாக இருந்தாலும் நாங்கள் அரசுக் கணக்கில்தான் வேலை செய்கிறோம், அதனால் தென்னாப்பிரிக்க மருத்துவக் கவுன்சிலின் புள்ளிக் கணக்கு, அதாவது தொடர்ந்து படிக்கிறோம் என்று காட்டச் சேர்க்க வேண்டிய புள்ளி, எங்களுக்கும் உண்டு. ஆண்டுக்கு 30 புள்ளி, அதில் 5 அறநெறிக்கு. புள்ளி சேர்க்க ஆயிரம் வழி இருக்கிறது, வெப்சைட்டில் கட்டுரை படித்து ஐந்து கேள்விக்கு டிக் போட்டால்கூட வந்துவிடும். அதற்காக யாரும் பன்னிரண்டு நாள் வார்டை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

போக வேண்டிய காரணம் வேறு. நான் வந்த புதிதில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு மாதக்கணக்கில் கானாமைசின் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். டுகேலா ஃபெர்ரி என்ற ஊரில் அப்படிப்பட்ட காசநோய் வந்த 53 நோயாளிகளில் 52 பேர் இறந்துபோன செய்தி 2006இல் உலகத்துக்குத் தெரியவந்த மாகாணம் இது, அந்தப் பயத்தில் ஊசியை விட யாருக்கும் மனசு வரவில்லை. என் நோயாளி ஒருவர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர், நோயிலிருந்து பிழைத்தார், அந்த ஊசியால் காது போய்விட்டது. இப்போதும் மருந்து வாங்க வந்தால் என் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார். 2018 ஜூனில் இந்த நாடு அந்த ஊசிக்குப் பதில் பெடாகுவிலின் மாத்திரையைக் கொண்டுவந்தது, 2023இல் ஆறே மாத மாத்திரைச் சிகிச்சை வந்தது. எச்ஐவிக்கு 2019 கடைசியில் டோலுடெக்ராவிர் வந்து முதல் வரிசை மருந்தே மாறியது. நான் படித்த காலத்துப் புத்தகம் பத்து வருடத்துக்குள் இவ்வளவு பழசாகிவிட்டது. பக்கத்தில் கேட்க மூத்த டாக்டர் இல்லாத இடத்தில், பழைய படிப்பு யாருடைய காதையாவது, கண்ணையாவது, உயிரையாவது எடுத்துவிடும். இந்தப் பயம் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த மதிப்புரை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

இடம் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் ஒரு விருந்தினர் இல்லம். தங்குமிடம் எளிமை, சுத்தம், வெந்நீர் உண்டு. சாப்பாட்டில் உப்பு காரம் எதுவும் இல்லை, மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுபோயிருந்தேன், மூன்றாம் நாளே அது மேசைக்குப் பொதுச்சொத்தாகிவிட்டது. எங்களைப் போல ஒற்றை ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ ஆஸ்பத்திரி நடத்துகிற ஐம்பது அறுபது டாக்டர்கள். மலாவியில் வேலை செய்கிற மார்த்தாண்டத்து அண்ணன் ஒருவரும் வந்திருந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு கேஸைத் தமிழில் உட்கார்ந்து பேசினேன். என் கையில் இறந்துபோன ஒரு தாயைப் பற்றி, நான் எங்கே தவறினேன் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, தனக்கும் அப்படி ஒன்று நடந்ததைச் சொன்னார். இதற்கு எந்தக் கவுன்சிலும் புள்ளி கொடுக்காது. ஆனால் தனியாக இருக்கிற டாக்டருக்கு இது மருந்து மாதிரி, வருடத்துக்கு ஒரு முறையாவது வேண்டும்.

பாடங்களில் மூன்று அருமை. அல்ட்ராசவுண்டு வகுப்பு முதலிடம். எச்ஐவி உள்ளவருக்குக் காசநோய் நுரையீரலுக்கு வெளியே ஒளிந்திருந்தால் சளியில் அகப்படாது. இதயத்தைச் சுற்றி நீர், நெஞ்சில் நீர், வயிற்றில் நீர், வீங்கிய நிணநீர்க் கட்டிகள், மண்ணீரலில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் என்று வரிசையாகப் பார்க்கிற ஒரு சுருக்க முறை இருக்கிறது, ஃபாஷ் என்பார்கள். அதை உருவாக்கியவர்கள் எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்தில் இருந்தவர்கள் இல்லை, எங்கள் பக்கத்து ஹ்லபிசா ஆஸ்பத்திரியில் நோயாளி பார்த்தவர்கள். பெயர் மட்டும் தெரிந்து, கை வராமல் இருந்தேன். இரண்டு மதியம் முழுக்க ஒருவர் என் கையைப் பிடித்து ப்ரோபை, அதாவது உடலில் வைக்கிற ஸ்கேன் முனையை, எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினார். திரும்பி வந்த வாரத்திலேயே, இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டே வந்த ஒரு பையனின் மண்ணீரலில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கினேன். இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

அடுத்தது மயக்க மருந்து. எங்களைப் போன்ற இடங்களில் முதுகில் ஊசி போட்டு சிசேரியன் செய்யும்போது ரத்த அழுத்தம் சரிந்து தாய்மார் இறப்பதை இந்த நாட்டின் தாய் இறப்பு விசாரணை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கின்றன. ஊசி போட்ட பிறகு முதல் பத்து நிமிடம் யார் எங்கே நிற்க வேண்டும், மேசையை எவ்வளவு இடது பக்கம் சாய்க்க வேண்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஃபினைல்எஃப்ரினை முன்கூட்டியே எப்படிக் கலந்து லேபிள் ஒட்டி வைக்க வேண்டும் என்று நடத்தியவர் ஜாம்பியாவில் இருபது வருடம் இருந்தவர். சொன்ன ஒவ்வொன்றும் எங்கள் தியேட்டரில் நடக்கக்கூடியது. மூன்றாவது, பிறந்த குழந்தை மூச்சு விடாவிட்டால் முதல் ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியது. வெந்நீர் நிரப்பிய பொம்மைக் குழந்தையை வைத்துப் பயிற்சி, கையில் தூக்கினால் உண்மைக் குழந்தை போலவே கனக்கும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மூச்சுக் கொடுக்கிற முகமூடியை என் கை சரியாக அமுக்கவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். நாட்களில் பாதி மேடைப் பேச்சு. பெரிய நகரத்து நிபுணர்கள் வந்து எம்ஆர்ஐ எடுங்கள், இந்த ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், இதய நிபுணரிடம் காட்டுங்கள் என்றார்கள். எங்களுக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுக்கிறவரே வாரத்தில் நாலு நாள்தான் வருவார். அறநெறிப் புள்ளிக்கென்று ஒரு முழு நாள் ஸ்லைடு ஓட்டினார்கள், சம்மதப் படிவம், வழக்கு, வக்கீல் என்று. எங்கள் அறநெறிக் கேள்வி வேறு, ஒரே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும்போது இரண்டு குழந்தைகளில் யாருக்கு என்பது. அதைக் கேட்டபோது நேரமில்லை, தேநீர் இடைவேளையில் பேசலாம் என்றார்கள். பேசினோம், அந்தத் தேநீர் இடைவேளை அன்றைய வகுப்பைவிட நன்றாக இருந்தது. சான்றிதழ் வந்து சேர நாலு மாதம் ஆயிற்று, அதற்குள் இரண்டு முறை மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது. கட்டணம், தங்குமிடம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

இவ்வளவையும் சேர்த்தால்கூட ஐந்துக்கு நாலு கொடுத்திருப்பேன். மூன்றாகக் குறைத்தது வேறு ஒன்று, அதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

டர்பனுக்குப் போனால் நான் தங்குவது சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆன்ட்டி வீட்டில். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த குடும்பத்தின் நாலாம் தலைமுறை. 1969இல் ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி திறந்த புதிதில் நர்ஸாகச் சேர்ந்து ஓய்வுவரை அங்கேயே இருந்தவர். தமிழும் ஆங்கிலமும் பாதிப்பாதியாகப் பேசுவார், ஜெபம் மட்டும் முழுத் தமிழில். மலையிலிருந்து திரும்பும்போது இரண்டு நாள் அவர் வீட்டில் இருந்து, எல்லாவற்றையும் ஆசையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். பிரசவ ரத்தப்போக்கு வகுப்பைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்தினார்.

"அந்தக் கோர்ஸ்ல நர்ஸ் எத்தனை பேரும்மா வந்தாங்க?"

"நர்ஸ் யாரும் வரல ஆன்ட்டி. டாக்டருங்களுக்கு மட்டும்தான்."

"அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் போகுதுன்னு முதல்ல பாக்குறது யாரு, நீயா?"

பதில் சொல்ல முடியவில்லை. நான் தூங்கிக்கொண்டிருப்பேன், வீட்டிலிருந்து வார்டுக்கு நடந்து வர எட்டு நிமிடம் ஆகும். அந்த எட்டு நிமிடமும் சிஸ்டர் கையில்தான் இருக்கிறது.

அந்த ரத்தப்போக்கு வகுப்பு என்ன சொன்னது என்று எழுதினால்தான் ஆன்ட்டியின் கேள்வி எவ்வளவு கூர்மை என்று புரியும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நாம் கண்ணால் மதிப்பிடுகிறோம், ரத்தம் துணியிலும் பஞ்சிலும் ஊறிப்போகிறது, பாதிக்குப் பாதி தவறவிடுகிறோம். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா என்று நாலு நாட்டில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் ஒரு ஆய்வு நடத்தி 2023இல் முடிவு சொன்னார்கள். தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, கோட்டைத் தாண்டினதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, அதைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின், ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் ஆசிட், சலைன், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்வது. வழக்கமான இடங்களில் ரத்தப்போக்கில் 51 சதவீதம்தான் கண்டுபிடிக்கப்பட்டது, விரிப்பு வைத்த இடங்களில் 93. கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், இறப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 60 சதவீதம் குறைந்தது. டிரானெக்சாமிக் ஆசிட் பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போனால்தான் பலன் என்பது 2017இலேயே இருபதாயிரம் பெண்களிடம் பார்த்துத் தெரிந்த விஷயம். இதில் எந்த இடத்தில் டாக்டர் வருகிறார்? விரிப்பைப் போடுவது சிஸ்டர், கோட்டைப் பார்ப்பது சிஸ்டர், முதல் ஊசி போட வேண்டியதும் அவர்தான். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த அறுபது பேரும் டாக்டர்கள்.

ஆன்ட்டி அப்புறம் ஒரு கதை சொன்னார். டர்பனில் செயின்ட் எய்டன்ஸ் மிஷனின் டாக்டர் பூத் நடத்திய சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் காந்தி தினமும் காலையில் ஒரு மணி இரண்டு மணி நேரம் போய் மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்தியக் கூலிகள். 1899இல் போயர் போர் வந்தபோது காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படைக்குப் பயிற்சி கொடுத்ததும் அதே டாக்டர் பூத்தான். "டாக்டரு தான் மட்டும் படிச்சிட்டு வரல பாரு, கூட நின்னவங்களுக்கும் சொல்லிக் குடுத்தாரு" என்றார். ஆன்ட்டி வாழ்க்கை முழுக்க டாக்டர்களுக்குப் பின்னால் நின்றவர், அவர் சொல்வதில் எடை இருந்தது.

அதனால் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இந்த நாட்டிலேயே இருக்கிற எஸ்மோ பயிற்சியை வார்டுக்குள் கொண்டுவந்தேன். பேறுகால அவசரங்களுக்கென்று தென்னாப்பிரிக்காவுக்காகவே அமைத்தது, டாக்டரும் நர்ஸும் சேர்ந்தே செய்வது. வெளியூர் போக வேண்டாம். தீயணைப்பு ஒத்திகை மாதிரி, எதிர்பாராத நேரத்தில் ஒருவர் நோயாளியாகப் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் உண்மை போலவே ஓட வேண்டும், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். முதல் ஒத்திகையில் டிரானெக்சாமிக் ஆசிட் எங்கே இருக்கிறது என்று தேடவே ஆறு நிமிடம் ஆயிற்று. மருந்து இருந்தது, பூட்டிய அலமாரியில், சாவி வேறு வார்டில். இதை நான் மலையடிவாரத்தில் பன்னிரண்டு நாள் இருந்தாலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. இப்போது சிவப்பு டப்பா ஒன்று பிரசவ அறைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது, திங்கட்கிழமைதோறும் அதைச் சரிபார்ப்பது கடைநிலை உதவியாளர். ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுக்கிறேன்.

போனில் கிடைக்கிற படிப்பு பற்றியும் கேட்டிருந்தார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கேப் டவுன் பல்கலைக்கழகத்து மருந்துத் தகவல் மையம் நடத்தும் எச்ஐவி, காசநோய் உதவித் தொலைபேசி இந்த நாட்டில் மருத்துவ வேலை செய்கிற எல்லோருக்கும் இலவசம், டாக்டர் நர்ஸ் என்று பார்ப்பதில்லை, எடுப்பவர்கள் மருந்தாளுநர்கள். 2021இல் ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு நோயும் சேர்ந்து இருந்தது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் டோலுடெக்ராவிரின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், அதனால் 50 மில்லிகிராமை ஒரு நாளைக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டும் என்று சொல்லி, ஏன் என்றும் பொறுமையாக விளக்கினார்கள். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது கற்றது மறக்காது. அதேபோல தூரத்து நிபுணரிடம் ஆலோசனை கேட்க வூலா என்கிற ஆப், டாக்டர் வில்லியம் மாஃபம் என்ற கண் மருத்துவர் தொடங்கியது, முதலில் கண்ணுக்கு மட்டும் இருந்து இப்போது பல துறைக்கும் விரிந்திருக்கிறது. கொதிநீர் கொட்டிய ஒரு குழந்தையின் படத்தை அனுப்பினேன். எந்தப் பகுதி ஆழம், எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்று தீக்காய நிபுணர் எழுதினார், அந்தப் பதிலை அச்செடுத்து வார்டில் ஒட்டியிருக்கிறேன். மின்வெட்டு நேரத்தில் எங்கள் ஊரில் சிக்னல் போய்விடும், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும்.

அப்படியானால் மலைக்குப் போக வேண்டாமா என்றால், முதல் மூன்று வருடத்தில் இருப்பவர்கள், தனியாக ஆஸ்பத்திரி பார்ப்பவர்கள், மனசு தளர்ந்திருப்பவர்கள் கண்டிப்பாகப் போங்கள். ஆனால் விண்ணப்பம் போடும்போதே அல்ட்ராசவுண்டுக்கும் மயக்க மருந்துக்கும் இடம் கேட்டு வாங்குங்கள், அவை சீக்கிரம் நிரம்பிவிடும். மேடைப் பேச்சு நேரத்தில் வெளியே மரத்தடியில் யாராவது கேஸ் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்களும் போய் உட்காருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

டிசம்பரில் நடத்துகிறவர்களுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன், ஆன்ட்டி கேட்ட கேள்வியை அப்படியே போட்டு. கோபப்படவில்லை. அடுத்த செப்டம்பரில் ரத்தப்போக்கு, குழந்தை மூச்சு இரண்டு வகுப்புக்கும் நர்ஸ்களுக்கு ஆறு இடம் ஒதுக்குகிறோம், கட்டணம் பாதி, டாக்டரும் நர்ஸும் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து ஜோடியாக வர வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் பிரசவ வார்டில் பத்தொன்பது வருடமாக இருக்கிற சிஸ்டரின் விடுப்பு விண்ணப்பம் மேட்ரன் மேஜையில் இருக்கிறது. மீதி ஐந்து இடத்துக்கு மார்ச் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், உங்கள் வார்டு சிஸ்டரிடம் இன்றைக்கே கேளுங்கள்.